நாய் விடுதியும் இனவிருத்தியும்: தோட்டத்தில் நடத்தத்தக்க ஓர் உபதொழில்

கோயமுத்தூருக்கு வடகிழக்கே, சத்தியமங்கலம் சாலையின் இருமருங்கிலும் பரவியுள்ளது சரவணம்பட்டி. கிணற்றுப் பாசனத் தோட்டங்களும் மானாவாரிக் காடுகளுமாயிருந்த இவ்வூர் 2011-ஆம் ஆண்டில் கோயமுத்தூர் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது. கணினித் தொழில் நிலையங்கள் ஏற்பட்டதன் பயனாக வெளியூர்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் இப்பக்கத்தில் அநேகம். அவர்களுள் நாய் வளர்ப்போர், தீபாவளி, பொங்கல், கோடை விடுமுறை ஆகிய காலங்களில் சொந்த ஊருக்குப் போகும்போது, அதை நம்பி விட்டுச்செல்ல ஓர் இடம் தேடுகின்றனர். ஆதலால் ஊரையொட்டித் தோட்டம் மிஞ்சியிருக்கும் குடியானவர்களுக்கு நாய் விடுதி ஓர் உபதொழிலாகக் கூடும். ஆட்டுப்பட்டிக்கும் சாளைக்கும் காவலாக நாய் வளர்ப்பது கொங்கு நாட்டுப் பண்ணையத்தில் நெடுநாள் வழக்கமாகையால், இத்தொழிலின் அடிப்படை இங்குள்ளோருக்குப் புதிதன்று.

விடுதியோடு இனவிருத்தியையும் சேர்த்து நடத்தப் பலர் விரும்புவர். ஆனால் இவ்விரண்டையும் ஒரே தோட்டத்தில் வைப்பதில் பெரிய அபாயம் ஒன்றுண்டு. விடுதிக்கு வரும் நாய்கள் பல வீடுகளிலிருந்து வருவன; தாம் நோயுறாமலே நோயைச் சுமந்து வரக்கூடியன. குட்டிகளோ நோயைத் தாங்கும் சக்தி இன்னும் பெறாதவை. ஓர் ஈற்றுக் குட்டிகள் அனைத்தும் ஒரே வாரத்தில் மாண்டுபோவது இத்தொழிலில் அரிதன்று. கீழே கூறப்படும் தினசரி ஒழுங்கு பெரும்பாலும் இந்த நஷ்டத்தைத் தடுப்பதற்கே ஏற்பட்டது.

வரவின் இயல்பு

குட்டி விற்பனையில் உடனே பணம் வரும் என்று எண்ணித் தொடங்குவோர் ஏமாற்றமடைவர். நாய் இனவிருத்தியும் விற்பனையும் பற்றி இந்திய அரசு 2017-ஆம் ஆண்டில் செய்த விதிகளின்படி, பெட்டை நாயை 18 மாதம் நிறையுமுன் இணை சேர்க்கலாகாது. 8 வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாது. சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். எனவே ஒரு பெட்டைக்குட்டி பிறந்த நாள் முதல் அதன் முதல் ஈற்றுக் குட்டி விலைபோகும் நாள் வரை குறைந்தது 22 மாதம் தீனியும் மருந்தும் செலவாகும். விடுதிக் கட்டணமோ முதல் மாதத்திலிருந்தே வரும். ஆகையால் தொழிலின் தாங்குமரம் விடுதியே. இனவிருத்தி அதன் மேல் மெல்ல எழுப்பத்தக்கது. இனவிருத்தி செய்வோர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்வதும் மேற்படி விதிகளின்படி கட்டாயமாகும். தமிழ்நாடு அரசும் 2024-ஆம் ஆண்டில் நாய் இனவிருத்திக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. தொழில் தொடங்குமுன் கால்நடை மருத்துவரிடம் நடப்பு விதிகளைக் கேட்டறிவது உசிதம்.

இடமும் கொட்டகையும்

நாய் குரைப்பு அயலாருக்குத் தொந்தரவாகையால் குடியிருப்பினின்று தள்ளிய இடமே ஏற்றது. கொட்டகையின் நீளவாக்கு கிழக்கு மேற்காக அமைந்தால் காலை மாலை வெயில் உள்ளே விழாது. நாய்க்கு மனிதரைப்போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. பெரும்பாலும் இளைப்பதனாலேயே அது தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. ஆகையால் பங்குனி முதல் வைகாசி வரை நிழலும் காற்றோட்டமும் இன்றியமையாதவை. மூக்குச் சப்பையான சீமை ஜாதி நாய்கள் இளைப்பதிலும் குறையுள்ளவை. அவற்றை நடுப்பகலில் வெளியே விடலாகாது.

தரை சிமெண்டினால் ஆகி, கழுநீர் வடியுமாறு சரிவுடன் இருத்தல் வேண்டும். சுவரில் வெடிப்பு இருக்கலாகாது. நாயின் மேல் இரத்தங் குடித்த பெட்டை உண்ணி கீழே விழுந்து இத்தகைய வெடிப்புகளிற் புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அவ்வுண்ணிகள் பரப்பும் இரத்த நோய்கள் விடுதியையே பாழாக்கும். ஆதலால் ஆண்டுக்கொரு முறை வெடிப்புகளைப் பூசி அடைப்பது, உண்ணி மருந்து வாங்குவதைப் போன்றே அவசியமானது.

விடுதிக் கொட்டகையும் ஈற்றுக் கொட்டகையும் வெவ்வேறாய், இடையே வெற்றிடம் விட்டு, வெவ்வேறு வாயிலும் வெவ்வேறு துடைப்பம், வாளி, தட்டுகளும் உடையனவாய் இருத்தல் வேண்டும். விடுதித் தண்ணீர் ஈற்றுக் கொட்டகைப் பக்கம் ஓடலாகாது.

நாயை ஏற்றுக்கொள்ளும் முறை

தடுப்பூசிச் சீட்டு இல்லாத நாயை, எவ்வளவு தெரிந்தவர் கொண்டுவரினும், ஏற்கலாகாது. வெறிநோய்த் தடுப்பூசியும், டிஸ்டெம்பர், பார்வோ முதலியவற்றிற்கான தடுப்பூசியும் காலந்தவறாது போடப்பட்டிருத்தல் வேண்டும். வாசலிலேயே காதின் உட்புறம், விரலிடை, கழுத்துப் பட்டையின் கீழ் ஆகிய இடங்களில் உண்ணி உண்டாவெனப் பார்த்து, எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். நாய் வழக்கமாய் உண்ணும் தீனி, குணம், பயம், உட்கொள்ளும் மருந்து, உடையவரின் தொலைபேசி எண், அவசரத்தில் வைத்தியம் செய்விக்க அனுமதி ஆகியவற்றை எழுதி வாங்குவது பின்னர் எழும் வழக்குகளைத் தவிர்க்கும்.

உடையவரைப் பிரிந்த நாய் முதல் ஓரிரு நாள் தின்னாமலிருப்பது இயல்பு. வீட்டில் பழகிய தீனியையும், வீட்டு வாசனையுள்ள ஒரு துணியையும் கூட வாங்கி வைத்தால் அது விரைவில் அமைதியடையும். தீபாவளியில் வெடிச்சத்தங் கேட்டு நாய்கள் வேலி தாண்டி ஓடுவதுண்டாகையால், அந்நாட்களில் பொழுது சாயுமுன் அவற்றை உள்ளே அடைத்துவிட வேண்டும்.

தின வேலை

வேலையின் முதல் விதி, இளையவற்றில் தொடங்கி ஐயத்திற்குரியவற்றில் முடிப்பது. விடியலில் ஆள் சுத்தமான உடையுடன் முதலில் குட்டிகளையும் தாயையும் கவனிக்க வேண்டும். அடுத்துச் சொந்த நாய்கள். அதன்பின் விடுதி நாய்கள். கடைசியில் நோயுற்றுத் தனியே வைக்கப்பட்டவை. விடுதியில் வேலை செய்த கையும் செருப்பும் உடையும் மாற்றாமல் குட்டியிடம் திரும்பலாகாது. வீட்டிலுள்ள ஒருவர் ஈற்றுக் கொட்டகையையும், மற்றொருவர் விடுதியையும் பார்ப்பது இன்னும் நலம்.

ஒவ்வொரு நாயின் சாணம், சிறுநீர், தின்ற அளவு, நடை ஆகியவற்றைக் காலையில் நோக்கிக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். நாயின் இயல்பான உடற்சூடு பாரன்ஹீட் அளவில் 101 முதல் 102.5 வரை, அதற்கு மேற்பட்டால் மருத்துவரை அழைப்பது அவசியம். பின்னர் கழிவை வாரி, தரையைத் தேய்த்துக் கழுவி, அதன்மேல் பிளீச்சிங் பவுடர் கரைசலை விட்டுப் பத்து நிமிடம் ஊறவிட்டு மீண்டும் அலம்ப வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றிய மருந்து பயன்படாது. பார்வோ கிருமி சாதாரண சோப்பு நீருக்கு அழிவதில்லை. மண்ணில் பல மாதங்கள் உயிரோடிருக்கும்.

நாய்ச் சாணத்தைக் காய்கறிப் பாத்திக்கு எருவாக இடலாகாது. அதிலுள்ள உருண்டைப் புழுவின் முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கெடாமலிருந்து குழந்தைகளின் கண்ணையும் ஈரலையும் கெடுக்கக்கூடும். கிணற்றுக்கு எட்டத்தில் குழி வெட்டி மூடுவதே முறை.

தீனி

நாட்டு நாய்க்குக் கம்பு, சோளம், ராகி ஆகியவற்றின் களியும் மோரும் பழகிய உணவு. ஆனால் தானியம் மட்டும் போதாது. சினையுற்றதற்கும் பால் கொடுப்பதற்கும் முட்டை, வேகவைத்த இறைச்சி முதலியவை கூடுதலாய்த் தேவை. ஆடு அறுத்த பச்சைக் குடலையும் ஈரலையும் நாய்க்குப் போடும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். ஆட்டிலிருந்து நாய்க்கும் நாயிலிருந்து மனிதருக்கும் நீர்க்கட்டிப் புழு பரவுவது இவ்வழியேயாகும். சின்ன வெங்காயம் நிறைந்த குழம்பு மீதியை நாய்க்கு ஊற்றுவதும் தவறு. வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகை உண்டாக்கும். திராட்சையும் சாக்லேட்டும் நஞ்சேயாகும்.

இனத் தேர்வு

இத்தட்பவெப்பத்திற்குப் பொருந்தியவை தமிழ்நாட்டு இனங்களே. விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையம், தென்பாண்டிச் சீமையின் சிப்பிப்பாறை, கன்னி, தேனி மாவட்டத்துக் கோம்பை ஆகியவை பேர்பெற்றவை. அஞ்சல் துறை 2005-ஆம் ஆண்டில் வெளியிட்ட நாய் முத்திரைகள் நான்கனுள் ராஜபாளையமும் ஒன்று. ராஜபாளையம், சிப்பிப்பாறை இரண்டும் கர்நாடகத்து முதோள் நாயோடு தேசியக் கால்நடை மரபுவளப் பணியகத்தில் பதிவுபெற்ற இனங்களாகும்.

பேர் பரவியதனால் குட்டிகளுக்குக் கிராக்கி ஏற்பட, சிலர் அண்ணன் தங்கையையும் தந்தை மகளையும் இணை சேர்க்கின்றனர். இதனால் ஈற்றின் அளவும் குட்டிகளின் பலமும் தலைமுறைக்குத் தலைமுறை குறையும். ராஜபாளையத்தின் வெண்ணிறத்தோடு சிலவற்றில் செவிட்டுத்தன்மை சேர்ந்து வருவதுண்டு. குட்டிகள் ஐந்து வாரமானதும் ஒவ்வொன்றையும் தனியே பிரித்து, அது காணாதவாறு பின்னின்று ஓசையெழுப்பிச் சோதிக்க வேண்டும். கூட்டத்தில் இருக்கையில் செவிட்டுக் குட்டி மற்றவை திரும்புவதைக் கண்டு தானும் திரும்பிவிடும். செவிட்டு நாயை வளர்க்கலாம், இனவிருத்திக்கு வைக்கலாகாது. ஒவ்வோர் இணைக்கும் தாய் தந்தை பெயர் எழுதிய பேரேடு வைப்பவரே நாளடைவில் நல்ல விலை பெறுவர்.

ஈற்றும் குட்டிகளும்

பெட்டை நாய் சாதாரணமாய் ஆண்டுக்கு இருமுறை பருவத்திற்கு வரும். எல்லாப் பருவத்திலும் இணை சேர்க்காமல், விடுதியில் கூட்டம் குறைந்த காலத்திற்கு ஏற்ற பருவத்தைத் தேர்ந்துகொள்ளலாம். உதாரணமாக, நவம்பர் 20-ஆம் தேதி வாக்கில் இணை சேர்ந்தது ஜனவரி 22-ஆம் தேதி வாக்கில் ஈனும். பொங்கல் கூட்டம் அதற்குள் கலைந்திருக்கும்; குட்டிகள் 8 வாரம் நிறைந்து மார்ச்சு நடுவிற்குப் பின் கோடை நெரிசலுக்கு முன்னரே புது வீடு சேரும்.

ஈற்றுக்கு ஒரு நாளைக்கு முன் தாயின் உடற்சூடு 99 பாகைக்குக் கீழ் இறங்கும். பிறந்த குட்டிகள் தம் சூட்டைத் தாமே காத்துக்கொள்ள மாட்டா. முதல் வாரம் 85 முதல் 90 பாகை வெப்பம் தேவை. முதல் நாளிலேயே ஒவ்வொன்றும் சீம்பால் குடித்தாக வேண்டும். கண் திறப்பது 10 முதல் 14 நாளில். இரண்டாம் வாரம் முதல் இரு வாரத்திற்கொரு முறை குடற்புழு நீக்க மருந்து கொடுக்க வேண்டும்.

தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் வரை மூன்று நான்கு வாரத்திற்கொரு முறை போடப்படுகிறது. ஒரே ஊசி போதாதா என்று கேட்போருண்டு. சீம்பால் வழி வந்த காப்புச் சக்தி உடலில் உள்ளவரை ஊசி மருந்தையும் அது செயற்படவொட்டாது. அச்சக்தி எந்த வாரத்தில் தேய்ந்துபோகும் என்பதோ குட்டிக்குக் குட்டி வேறுபடும். அதனால்தான் மறுபடியும் மறுபடியும் போட நேர்கிறது. அவ்விடைவெளியிலேயே பார்வோ நுழைகிறது. 1978-ஆம் ஆண்டளவில் உலகின் பல பாகங்களில் தோன்றிய இந்நோயில் வாந்தியும் இரத்தக் கழிச்சலும் கண்டு குட்டிகள் சிலநாளில் இறக்கும். ஆகவே குட்டி பார்க்க வருவோரைக் கொட்டகைக்குள் விடாமல், வேலிக்கப்பால் நிறுத்திக் காட்டுவதே முறை.

வெறிநோய்

குட்டியின் நஷ்டம் பொருள் நஷ்டம். வெறிநோயோ மனித உயிரைக் கொள்வது. அறிகுறி தோன்றியபின் பிழைத்தோர் மிக அரியர். 1885-ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர் இதற்குத் தடுப்பு மருந்து கண்டார். கோயமுத்தூருக்கு அருகே குன்னூரில் 1907-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பாஸ்டர் நிலையம் தென்னாட்டில் இம்மருத்துவத்திற்கு வழிகோலியது. இன்று தடுக்கக்கூடிய இந்நோயால் ஒருவர் இறப்பது அசட்டையின் விளைவேயாகும்.

குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசியும், பின்னர் மருத்துவர் சொல்லும் காலங்களில் மறு ஊசியும் போட வேண்டும். விடுதியில் வேலை செய்வோர் கடிபடுமுன்பே மருத்துவரைக் கேட்டுத் தடுப்பூசி போட்டுக்கொள்வது நலம். எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், புண்ணை உடனே சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி முதலியவற்றைத் தடவலாகாது. கடித்த நாயைக் கொல்லாமல் கட்டிவைத்து 10 நாள் கவனிக்க வேண்டும். ஆனால் அதன் முடிவை எதிர்பார்த்து ஊசியைத் தள்ளிப்போடலாகாது.

தோட்டமும் தண்ணீரும் காவலுமுள்ள குடியானவருக்கு இத்தொழிலின் முதல் பெருஞ்செலவு கொட்டகையே. அதன்பின் வேண்டுவது நாள் தவறாத சுத்தமும், சீட்டில்லாத நாயைத் திருப்பியனுப்பும் உறுதியுமாம். இவ்விரண்டும் இல்லாதவர் விடுதியையோ இனவிருத்தியையோ ஒன்றை மட்டும் நடத்துவது மேல்.