பங்கு விலைகளைத் தானாக எக்ஸெல்லுக்கு அனுப்பலாம்

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் பலர் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று, கையில் உள்ள பங்குகளின் விலையை எக்ஸெல்லில் எழுதி வைப்பது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். தினமும் மாலையில் சார்ட் பார்க்கும் சாப்ட்வேரைத் திறந்து, 30 பங்குகளின் விலையைப் பார்த்துப் பார்த்து டைப் செய்வேன். அரை மணி நேரம் போகும். 1,245 என்பது 1,425 ஆகிவிடும் நாள்களும் உண்டு. இந்த வேலையைக் கம்ப்யூட்டரிடமே விட்டுவிடலாம். நான் பயன்படுத்தும் அமிபுரோக்கர் சாப்ட்வேரில் இதைச் செய்யும் வழியை இங்கே தருகிறேன்.

சி.எஸ்.வி. என்றால் என்ன?

சாப்ட்வேரிலிருந்து விலைகளை வெளியே எடுப்பதை எக்ஸ்போர்ட் என்கிறோம். அப்படி எடுக்கும் பைல் பெரும்பாலும் சி.எஸ்.வி. வகையில் இருக்கும். இது சாதாரண டெக்ஸ்ட் பைல்தான். ஒரு பங்குக்கு ஒரு வரி. ஒவ்வொரு எண்ணுக்கும் இடையே ஒரு காற்புள்ளி. நோட்பேடிலும் திறக்கலாம், எக்ஸெல்லிலும் திறக்கலாம்.

முதல் படி: தேவையானதைத் தேர்ந்தெடுத்தல்

அமிபுரோக்கரில் அனாலிசிஸ் மெனு சென்று நியூ அனாலிசிஸ் கொடுங்கள். பார்முலா எடிட்டரைத் திறந்து சிறிய பார்முலா ஒன்றை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். முதல் வரியில் 'பில்டர் = 1'. எல்லாப் பங்குகளையும் காட்டு என்பது இதன் பொருள். அடுத்து ஓப்பன், ஹை, லோ, குளோஸ், வால்யூம் ஆகிய ஐந்துக்கும் 'ஆட்காலம்' கட்டளையில் ஒவ்வொரு வரி. வரி முடிவில் அரைப்புள்ளி வைக்க மறக்க வேண்டாம். பங்கின் பெயரும் தேதியும் தானாகவே வந்துவிடும்.

ரேஞ்ச் என்ற இடத்தில் '1 ரீசன்ட் பார்' எனத் தேர்ந்தெடுத்து எக்ஸ்ப்ளோர் பட்டனைக் கிளிக் செய்தால் பட்டியல் கிடைக்கும். சரியாக இருந்தால் பைல் மெனுவில் சேவ் அஸ் கொடுத்து, இதை ஒரு புராஜெக்ட் பைலாகச் சேமியுங்கள்.

இரண்டாம் படி: பேட்ச்

பைல் மெனுவில் நியூ, பேட்ச் என்று செல்லுங்கள். (மிகப் பழைய பதிப்புகளில் இது இருக்காது.) இங்கே கம்ப்யூட்டர் செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாகச் சொல்கிறோம்: புராஜெக்டைத் திற, எக்ஸ்ப்ளோர் செய், முடிவை இந்தப் பெயரில் சி.எஸ்.வி. பைலாக எழுது. மூன்று வரிகள் போதும். இதையும் சேமித்து, ஒருமுறை கையால் ஓட்டிப் பாருங்கள்.

மூன்றாம் படி: நேரம் குறித்தல்

விண்டோஸில் உள்ள டாஸ்க் ஷெட்யூலர்தான் நமக்கு அலாரம். ஸ்டார்ட் மெனுவில் இதன் பெயரை டைப் செய்து திறந்து, கிரியேட் பேசிக் டாஸ்க் கொடுங்கள். வீக்லி தேர்ந்தெடுத்து, திங்கள் முதல் வெள்ளி வரை டிக் செய்து, மாலை ஒரு நேரத்தைக் கொடுங்கள். அன்றைய விலைகள் உங்கள் சாப்ட்வேருக்குள் வந்து சேர்ந்த பிறகான நேரமாக அது இருக்க வேண்டும். ஸ்டார்ட் எ புரோகிராம் பகுதியில் அமிபுரோக்கரின் 'புரோக்கர்' என்ற இ.எக்ஸ்.இ. பைலைக் காட்டுங்கள். ஆட் ஆர்கியூமெண்ட்ஸ் கட்டத்தில் சாய்கோடு போட்டு 'ரன்பேட்ச்', இடைவெளி, பேட்ச் பைலின் முழு முகவரி (இரட்டை மேற்கோள் குறிகளுக்குள்), மீண்டும் இடைவெளி, சாய்கோடு போட்டு 'எக்ஸிட்' என ஆங்கிலத்தில் டைப் செய்ய வேண்டும். வேலை முடிந்ததும் சாப்ட்வேர் தானே மூடிக்கொள்ளும்.

லேப்டாப் வைத்திருப்பவர்கள் கண்டிஷன்ஸ் டேபைப் பாருங்கள். மின் இணைப்பில் இருந்தால் மட்டும் ஓடு என்பதில் ஏற்கெனவே டிக் இருக்கும். பேட்டரியிலும் ஓட வேண்டுமானால் அதை எடுத்துவிடுங்கள்.

எக்ஸெல்லில் டேட்டா மெனு சென்று 'ப்ரம் டெக்ஸ்ட் / சி.எஸ்.வி.' மூலம் பைலை இணைத்துவிட்டால், பிறகு ரெப்ரெஷ் ஆல் கிளிக் செய்தாலே புதிய விலைகள் வந்துவிடும். சி.எஸ்.வி. பைலை நேரடியாக எக்ஸெல்லில் திறந்து வைத்திருந்தால், அந்த நேரத்தில் புதிய பைலை எழுத முடியாமல் போகும். கவனம்.

நான் பட்ட பாடு

எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று நான் நிம்மதியாக இருந்தேன். 2024 ஜூலையில் தேசிய பங்குச் சந்தை தன் தினசரி விலைப் பட்டியலான பவ்காப்பியை யூடிப் என்ற புதிய அமைப்புக்கு மாற்றியது. காலங்களின் பெயர், வரிசை இரண்டும் மாறின. முன்பே அறிவித்துத்தான் செய்தார்கள், நான்தான் படிக்கவில்லை. என் சாப்ட்வேருக்குள் புதிய விலை எதுவும் போகவில்லை. ஆனால் பேட்ச் நிற்கவில்லை. '1 ரீசன்ட் பார்' என்றால் இன்றைய விலை என்று பொருள் அல்ல. கையிருப்பில் உள்ள கடைசி விலை என்றே பொருள். எனவே பழைய விலையே தினமும் புதிய பைலாக எழுதப்பட்டது. பைலின் நேரம் இன்று, உள்ளே இருப்பது போன வாரம்!

மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஒரு பங்கை, குறித்து வைத்த விலை வந்ததும் விற்க எண்ணியிருந்தேன். அந்த விலை வந்து, போயும்விட்டது. என் எக்ஸெல் அசையவே இல்லை. பிறகு குறைந்த விலைக்குத்தான் விற்க முடிந்தது.

அன்று முதல் மூன்றைப் பார்க்காமல் எந்த முடிவும் எடுப்பதில்லை. ஒன்று, பட்டியலுக்குள் இருக்கும் தேதி. எக்ஸெல்லில் மேலே ஒரு கட்டத்தில் அந்தத் தேதியை இன்றைய தேதியுடன் ஒப்பிட்டு, மாறினால் சிவப்பாகும்படி செய்துள்ளேன். விடுமுறை நாளில் சிவப்பாவது இயல்பு. 5/6 என்பது ஜூன் 5-ஆ, மே 6-ஆ என்ற குழப்பம் வராமல் விண்டோஸின் ரீஜன் பகுதியில் தேதி அமைப்பையும் சரிபாருங்கள். இரண்டு, வரிகளின் எண்ணிக்கை. 30 பங்குகளுக்கு 30 வரி இருக்க வேண்டும். மூன்று, ஏதாவது ஒரு பங்கின் விலையைச் சந்தையின் இணையதளத்தில் பார்த்து ஒப்பிடுவது.

போனஸ், பங்குப் பிரிப்பு நாள்களில் பதற வேண்டாம். 2024 அக்டோபரில் ரிலையன்ஸ் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தபோது விலை ஏறக்குறையப் பாதியானது. அது நஷ்டம் அல்ல. கையிலிருந்த பங்குகளும் இரு மடங்காகின. பவ்காப்பி இதைச் சரிசெய்து தராது. பழைய விலைகளை நாம்தான் திருத்த வேண்டும்.

கம்ப்யூட்டர் சொன்னதைச் செய்யும். சொன்னது இன்னும் பொருந்துகிறதா என்று பார்ப்பது நம் வேலை. தினமும் அரை மணி நேரம் மிச்சம். அதில் ஒரு நிமிடத்தைச் சரிபார்க்க ஒதுக்குங்கள்.