பதினோரு மாத வீடும் நம் வீடுதான்!

மும்பையில் வாடகை வீடு மாறுவோர் கவனிக்க வேண்டியவை

"பதினோரு மாதம்!"

மும்பைத் தமிழர்களுக்கு இதன் பொருளை யாரும் விளக்க வேண்டியது இல்லை. பாத்திரங்களை அடுக்கி, சுவரில் சாமி படம் மாட்டி, பால்காரருக்கு வீட்டு எண் பழகுவதற்குள் பத்தாவது மாதம் வந்துவிடும். "வாடகையை உயர்த்தித் தருகிறீர்களா, காலி செய்கிறீர்களா?" என்று வீட்டுக்காரர் கேட்பார். மறுபடியும் புரோக்கர், மறுபடியும் டெபாசிட், மறுபடியும் டெம்போ!

தாராவி, சயான் கோலிவாடா, மாட்டுங்கா, செம்பூர் என்று நம்மவர்கள் நெருங்கி வாழும் பகுதிகளிலும் இதே கதைதான். ஊரில் சொந்த வீடு பூட்டிக் கிடக்கும். இங்கே வாடகை வீடு கைமாறிக்கொண்டே இருக்கும்.

அச்சத்தில் பிறந்த ஒப்பந்தம்

இந்த வழக்கம் எப்படி வந்தது?

1947-ம் ஆண்டு பம்பாய் வாடகைச் சட்டம் வந்தது. வாடகையை ஏற்றுவதற்கும், குடியிருப்பவரை வெளியேற்றுவதற்கும் அது கடிவாளம் போட்டது. வீட்டுக்காரர்கள் வாடகைக்கு விடவே அஞ்சினார்கள். பெருந்தொகையை "பகடி"யாக வாங்கிக்கொண்டு விடும் பழக்கம் பெருகியது. வேறு சிலர், "இது வாடகை அல்ல, தங்கிக்கொள்ள அனுமதி மட்டுமே" என்று எழுதி வாங்கினார்கள். அதுதான் "லீவ் அண்ட் லைசென்ஸ்" ஒப்பந்தம்.

1973-ல் சட்டம் திருத்தப்பட்டது. அந்த ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி அன்று அனுமதி ஒப்பந்தத்தின் பேரில் குடியிருந்தவர்களுக்கும் வாடகைதாரருக்கு உரிய பாதுகாப்பு கிடைத்தது. வீட்டுக்காரர்களின் அச்சம் மேலும் கூடியது.

இப்போது நடப்பில் இருப்பது, 1999-ம் ஆண்டு மராட்டிய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 2000-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி முதல் இது அமலில் உள்ளது. லைசென்ஸ் காலம் முடிந்தும் காலி செய்யாதவர், மாதத் தொகையைப் போல் இரண்டு மடங்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று இது கூறுகிறது. ஆகவே, "இன்னும் ரெண்டு மாசம் பார்த்துக்கலாம்" என்று இழுத்தடிப்பது ஆபத்து!

பதிவு செய்தீர்களா?

"பதினோரு மாதம்தானே? பதிவு எதற்கு?" என்று கேட்பவர்கள் நம்மில் நிறைய பேர்.

ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்பது 1908-ம் ஆண்டு பதிவுச் சட்டம். அதைத் தவிர்க்கவே நாடெங்கும் 11 மாதக் கணக்கு வந்தது. ஆனால் மராட்டிய மாநிலத்தில் அந்தக் கணக்கு செல்லாது. இங்கே 11 மாத ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும். பதிவும் ஆக வேண்டும்.

பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. தவறினால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பதிவு செய்த எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் வழக்கு வந்தால், நிபந்தனைகள் பற்றிக் குடியிருப்பவர் சொல்வதே முதலில் எடுத்துக்கொள்ளப்படும். மறுத்து நிரூபிப்பது வீட்டுக்காரர் வேலை.

டெபாசிட் பத்திரம்!

கூலி வேலை செய்பவருக்கும் குமாஸ்தாவுக்கும் டெபாசிட் என்பது சிறு தொகை அல்ல. தங்கையின் கல்யாணத்துக்கோ, ஊரில் கூரை மாற்றவோ சேர்த்த பணம் அது. காலி செய்யும் நாளில் "பெயிண்ட் போச்சு, குழாய் போச்சு" என்று அதில் பிடித்தம் விழும்போதுதான் வயிறு எரியும்.

அதைத் தடுக்க, குடிபுகும் நாளிலேயே நாலு காரியம் செய்யுங்கள்.

டெபாசிட்டை வங்கி மூலமாகவே கொடுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது வாங்குங்கள்.

சுவர், கதவு, குழாய், மின்விசிறி எல்லாவற்றையும் சாமான் இறக்கும் முன்பே கைபேசியில் படம் எடுங்கள். அந்தப் படங்களை வீட்டுக்காரருக்கும் அனுப்பி விடுங்கள்.

மின் மீட்டர் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பாக்கி இருக்கிறதா என்று பில்லைக் கேட்டுப் பாருங்கள்.

சொசைட்டி பராமரிப்புக் கட்டணம் யார் தருவது, எத்தனை நாள் முன்னறிவிப்பு, இடையில் காலி செய்தால் என்ன பிடித்தம் என்பதைக் கையெழுத்துக்கு முன் படித்துப் பாருங்கள். புரியாவிட்டால் தெரிந்தவரிடம் காட்டுங்கள். வெட்கப்பட வேண்டியது இல்லை.

மழையை மறக்காதீர்கள்

ஏப்ரல், மே மாதங்களில் எல்லா வீடும் நல்ல வீடுதான். ஜூனில் மழை இறங்கிய பிறகுதான் குணம் தெரியும். கூரை மூலையில் மஞ்சள் கறை, புதிதாக ஒரே இடத்தில் மட்டும் பூசிய சுண்ணாம்பு, ஜன்னலடியில் உப்பிய சுவர் இவை இருந்தால் உஷார்! தண்ணீர் எந்த நேரம் வருகிறது, எவ்வளவு நேரம் வருகிறது என்பதைப் புரோக்கரிடம் கேட்காதீர்கள். பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள்.

ரேஷன், கேஸ், ஓட்டு

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் குடும்ப அட்டை உங்களுடையதா? "ஒரே நாடு, ஒரே ரேஷன்" திட்டப்படி மும்பை ரேஷன் கடையிலும் தானியம் வாங்கலாம். விரல் ரேகை வைத்தால் போதும். ஊரிலிருந்து அட்டையை மாற்ற வேண்டாம். ஆனால் தமிழக அரசு தனியாகத் தரும் பருப்பு, பாமாயில் இங்கே கிடைக்காது.

முகவரிச் சான்று கைக்கு வரும் வரை 5 கிலோ கேஸ் சிலிண்டர் வாங்கிச் சமாளிக்கலாம். அதற்கு அடையாளச் சான்று போதும். பதிவு செய்த ஒப்பந்தம் கிடைத்ததும் ஆதார் முகவரியை மாற்றிக்கொள்ளலாம். வாக்காளர் பட்டியலில் பெயரை மாற்றப் படிவம் 8 உண்டு. ஊரிலும் இங்கும் இரண்டு இடத்தில் பெயர் இருப்பது சட்டப்படி கூடாது.

பிள்ளைகளின் படிப்பு

வீடு மாறினால் பள்ளியும் மாறும் என்ற கவலை பெற்றோருக்கு உண்டு. 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, டி.சி. வரத் தாமதம் என்று சொல்லி அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ எட்டாம் வகுப்பு வரை பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது. மும்பை மாநகராட்சி தமிழ் வழிப் பள்ளிகளும் நடத்துகிறது. வீடு பார்க்கும்போதே பள்ளியையும் பார்த்து விடுங்கள்.

பிரிக்காத பெட்டிகள்

இத்தனையும் சட்டமும் கணக்கும். இன்னொன்றும் உண்டு.

"எப்படியும் காலி செய்யப் போகிறோம், எதற்குப் பிரிக்க வேண்டும்?" என்று பாதிப் பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியிலேயே வைத்திருக்கும் குடும்பங்கள் எத்தனை! நல்ல பாத்திரம் பெட்டியில். நல்ல விரிப்பு பெட்டியில். ஒரு வீடு, இரண்டு வீடு என்று போய் பதினைந்து ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு இளமைக்கால வீடு என்று நினைவில் இருக்கப்போவது, நாம் "தற்காலிகம்" என்று ஒதுக்கிய இந்த அறைகள்தான்.

ஆகவே பெட்டியைப் பிரியுங்கள். மடக்கு மேஜை, மடக்கு அலமாரி என்று தூக்கிச் செல்லக் கூடியதை வாங்குங்கள். வாசலில் கோலம் போடுங்கள். பகலெல்லாம் தனியாக இருக்கும் மனைவியை அக்கம்பக்கத்தில் அறிமுகம் செய்து வையுங்கள். மராத்தியில் நாலு வார்த்தை பழகுங்கள். அவசரத்துக்கு ஓடி வருபவர் ஊரில் இருக்கும் உறவினர் அல்ல, எதிர் வீட்டுக்காரர்தான்!

ஒப்பந்தம் பதினோரு மாதத்தில் முடியலாம். அந்தப் பதினோரு மாதமும் நம் வாழ்நாளில்தான் கழிகிறது.