தெளிந்த நீர் போதுமா?

மாணவர்களே! கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கி, அன்றே குழாய்நீரை நிரப்பி, அன்றே மீன்களையும் விடுவோர் பலர். சில நாள்களிலேயே மீன்கள் ஒவ்வொன்றாக இறந்து மிதக்கின்றன. நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கிறது, உணவுக்கும் குறைவில்லை. பின் அவை இறப்பது ஏன்? தெளிந்த நீரெல்லாம் மீன் வாழத்தக்க நீர் ஆகாது என்பதே விடை.

மீன்கள் செவுள்களின் வழியே அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. உண்ணாமல் விட்ட இரை அழுகும்போதும் அது உண்டாகிறது. ஆற்றில் அது பெருநீரில் கலந்துவிடும். சிறு தொட்டியிலோ தேங்கி நஞ்சாகும். இந்நஞ்சை அகற்றுபவை கண்ணுக்குப் புலப்படாத பாக்டீரியாக்கள். அவற்றுள் ஒருவகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், நைட்ரைட்டும் நஞ்சே. மற்றொரு வகை அதனை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அளவுக்கு மிஞ்சினாலன்றித் தீங்கு செய்யாது. நீர்ச்செடிகளுக்கு உரமாகவும் பயன்படும். இப்பாக்டீரியாக்கள் வடிகட்டியின் பஞ்சிலும் அடியிலுள்ள கற்களிலும் தங்கிப் பெருக ஏறத்தாழ 4 முதல் 6 வாரங்கள் ஆகும். மீன்களுக்கு முன்பே குடியேற வேண்டியவை இவையே.

இனித் தொட்டியை அமைக்கும் முறையைக் காண்போம். 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் உள்ள தொட்டி 54 லிட்டர் நீர் கொள்ளும். அந்நீரின் எடை மட்டுமே 54 கிலோ ஆதலால், உறுதியான மேசை வேண்டும். நேர்வெயில் பட்டால் பாசி படரும். ஆகவே சன்னலை விட்டு விலக்கி வைக்க வேண்டும். கூழாங்கற்களைச் சோப்பு இடாமல் கழுவிப் பரப்ப வேண்டும். குளோரின் நீக்கிய நீரையே ஊற்ற வேண்டும். வடிகட்டி இரவும் பகலும் இயங்க வேண்டும். பிறகு, மீனில்லாத அத்தொட்டியில் நாள்தோறும் ஒரு சிட்டிகை மீனுணவு இட்டு வந்தால், அது அழுகி பாக்டீரியாக்களுக்கு இரையாகும். கடையில் கிடைக்கும் சோதனைத் தாளில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்றும், நைட்ரேட் உண்டு என்றும் தெரிந்தால் வீடு ஆயத்தம்!

முதலில் ஆறு வரிக்குதிரை மீன்களை விடலாம். இவை நம் நாட்டு நீர்நிலைகளுக்கே உரியவை, 4 செ.மீ. அளவே வளர்பவை, கூட்டமாக வாழ்பவை. தங்கமீனோ 15 செ.மீ.க்கும் மேல் வளரும். சிறு தொட்டி அதற்குச் சிறையே. புதிய ஊருக்கு வந்த நமக்கு அவ்வூர் பழகச் சில நாள் ஆகிறதன்றோ? மீனுக்கும் அவ்வாறே. மீன் உள்ள பையைத் தொட்டிநீரில் 15 நிமிடம் மிதக்கவிட்டு, தொட்டிநீரைச் சிறிது சிறிதாகப் பையில் சேர்த்து, பின்னரே வலையால் மீன்களை எடுத்து விட வேண்டும். வட இந்தியக் குளிர்காலத்தில் வெப்பமூட்டியும் தேவைப்படும்.

வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை மாற்ற வேண்டும். வடிகட்டியின் பஞ்சை வெளியே எடுத்த அந்நீரிலேயே அலச வேண்டும். குழாய்நீரில் கழுவினால் குளோரின் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். வளர்க்க இயலாத மீன்களை ஏரியிலோ ஆற்றிலோ விடுதல் கூடாது. தென் அமெரிக்காவின் 'சக்கர்' மீன் அவ்வாறு பரவி, நம் நீர்நிலைகளில் நாட்டு மீன்களுக்குப் போட்டியாகி நிற்கிறது.

மீன் வளர்ப்பவர் உண்மையில் வளர்ப்பது நீரையே. நீர் நலமாயின் மீன் நலமே.

அருஞ்சொற்பொருள்
செவுள் – மீன் மூச்சுவிடும் உறுப்பு
ஆயத்தம் – அணியமாயிருத்தல், தயார்
புலப்படாத – தெரியாத

விடை எழுதுக
1. தெளிந்த நீரிலும் மீன்கள் இறப்பது ஏன்?
2. வடிகட்டியின் பஞ்சைக் குழாய்நீரில் கழுவக்கூடாது. காரணம் கூறுக.
3. உங்கள் வகுப்பறையில் வைக்கும் தொட்டி 50 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் உடையது எனில், அது எத்தனை லிட்டர் நீர் கொள்ளும்?