முள்ளோடு ஒரு கீரை

முள்வேலி – 11

டிராகன் பழத்துக்குக் கல்தூண் நட்டு, அதன் தலையில் பழைய டயரை மாட்டியதோடு போன வாரம் நின்றது. படிக்காதவர்கள் அந்த இதழைத் தேடிக்கொள்ளட்டும். சொன்னபடி இந்த வாரம் கள்ளியின் இலை.

கள்ளியில் ஏது இலை? தருமபுரிக்காரர்கள் இதற்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. மழை பெய்து சப்பாத்திக்கள்ளி புது மடல் விடும் நேரத்தில், வேலியோரம் நிற்கும் ஒரு புதரைக் கிட்டப் போய்ப் பார்த்தால் போதும். கட்டைவிரல் நீளம் வளர்ந்த இளம் மடலில், முள் வரப்போகும் ஒவ்வொரு புள்ளிக்குக் கீழும் கூம்பாக ஒரு பச்சைத் துணுக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் இலை. எல்லோரும் இலை என்று நினைக்கிற அந்த அகன்ற சப்பாத்தி, தண்டு. மடல் முற்றுவதற்குள் துணுக்குகள் உதிர்ந்துவிடும், முள் மட்டும் மிஞ்சும். வருடத்தில் கொஞ்ச நாள்தான் இந்தக் காட்சி. வேலியைத் தினமும் கடப்பவர்களில் பலர் பார்த்திருக்கமாட்டார்கள்.

அந்த இலையை உதிர்க்காமல் வைத்துக்கொண்ட கள்ளியும் இருக்கிறது. பெயர் பெரெஸ்கியா. தடித்த, அகன்ற, சாதாரணச் செடி இலைதான். பூ வந்தால் ஒற்றை அடுக்கு ரோஜா என்றே சொல்லத் தோன்றும். நர்சரிகளில் ‘ரோஸ் கேக்டஸ்’ என்று அழகுச் செடியாக விற்பது இந்தக் குடும்பத்துச் செடிதான். வாசனையுள்ள வெள்ளைப் பூவோடு கொடியாக ஏறுவது ஒன்று, இளஞ்சிவப்புப் பூவோடு புதராக நிற்பது ஒன்று, ஆரஞ்சு நிறத்தில் பூப்பது ஒன்று. மூன்றுக்கும் பூர்வீகம் அமெரிக்க வெப்பமண்டலம். பெயர் வந்தது பெரெஸ்க் என்ற பிரெஞ்சு அறிஞரால். 1610-இல் ஓரியன் நெபுலாவைத் தொலைநோக்கியில் பார்த்துச் சொன்னவர் அவர். வானத்தைப் பார்த்தவர் பெயர் கடைசியில் ஒரு முட்செடிக்குப் போய்ச் சேர்ந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ‘இலை உள்ள கள்ளி’ என்று ஊரில் கேட்டால் இலைக்கள்ளியைத்தான் காட்டுவார்கள். அது வேறு குடும்பம். கிள்ளினால் பால் வரும், அந்தப் பால் விஷம். கள்ளிப்பால் என்றால் என்ன என்று தருமபுரியில் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பாலைப் புகட்டிக் கொல்லும் கொடுமையிலிருந்து பெண்சிசுக்களைக் காப்பாற்ற 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் இந்த மாவட்டத்துக்கும் வந்தது. கள்ளியைத் தின்னலாம் என்று சொன்னால் வயதான பெண்கள் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது. ஆகவே சோதனை: இலையைக் கிள்ளுங்கள். பால் வந்தால் தொடாதீர்கள். பெரெஸ்கியாவில் பால் வராது, கொழகொழப்புத்தான் வரும். முள்ளும், பஞ்சு ஒட்டியது மாதிரியான சின்ன மெத்தையிலிருந்து கிளம்பும்.

பிரேசிலின் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில் வெள்ளைப்பூ ரகத்தின் இலை அன்றாடக் கீரை. சபரா என்ற ஊரில் இந்தக் கீரைக்கென்றே விழா எடுக்கிறார்கள். மலேசியாவில் ஆரஞ்சுப்பூ ரகத்தின் இலையைப் பச்சையாகச் சோற்றோடு தின்கிறார்கள். உலர்ந்த இலையில் புரதம் 20 சதவீதத்துக்கு மேல் என்பதைச் சிலர் பெரிதாகப் பேசுகிறார்கள். பச்சை இலையில் பெரும்பகுதி தண்ணீர் என்பதை அவர்கள் சொல்வதில்லை. புற்றுநோயைத் தீர்க்கும் என்ற பேச்சும் உண்டு. கீரையாகத் தின்னலாம், அதை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது.

வளர்ப்பது சுலபம். ரொம்ப இளசும் இல்லாத, முற்றிக் கட்டையாகவும் ஆகாத தண்டில் ஒரு சாண் வெட்டி, வெட்டுவாய் காயும்வரை நிழலில் போட்டு வைக்க வேண்டும். பிறகு செம்மண், மணல், மட்கிய சாணம் கலந்து நட்டால் வேர் பிடித்துவிடும். ஆடி, ஆவணி நல்ல நேரம். ‘கள்ளிதானே’ என்று தண்ணீர் விடாமல் இருப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. டிராகன் பழக்கள்ளி ராத்திரியில் துளை திறந்து மூச்சு வாங்கும், பகல் வெயிலில் மூடிக்கொள்ளும். பெரெஸ்கியாவோ மற்றச் செடிகள் மாதிரி பகலிலேயே திறக்கிறது, ஈரத்தை இழக்கிறது. சித்திரை வெயிலில் பத்து நாள் மறந்தால் இலையைக் கொட்டிவிட்டுக் குச்சியாக நிற்கும். செத்துப்போகாது. ஆனால் கீரைக்கென்று வளர்த்தவருக்குக் குச்சியால் என்ன பயன்? மேல்மண் காய்ந்ததும் தண்ணீர், வேர் நனைந்து நிற்காத தொட்டி, நுனியை அடிக்கடி கிள்ளுதல், இவ்வளவுதான்.

நுனி கிள்ளுவது இலைக்காக மட்டுமல்ல, கட்டுக்குள் வைப்பதற்காகவும். தென்னாப்பிரிக்காவில் வெள்ளைப்பூக் கொடியைக் கட்டுப்படுத்தாமல் விட்டார்கள். அது காட்டு மரங்கள் மேல் ஏறி மூடியது. ஒடிந்து விழுந்த துண்டெல்லாம் முளைத்தது. 1991-இல் இலையைத் தின்னும் வண்டு ஒன்றைப் பிரேசிலிலிருந்து கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று. எனவே தருமபுரியில் நட நினைப்பவர்கள் தொட்டியில் நடுங்கள். வெட்டிய துண்டை ஓடையில் எறியாதீர்கள். புதராக நிற்கும் இளஞ்சிவப்பு ரகமானால் இன்னும் நல்லது.

வண்டு என்றதும் இந்த வாரம் முழுக்கத் தலைக்குள் ஊர்ந்த பூச்சியைச் சொல்லாமல் போக முடியாது. சப்பாத்திக்கள்ளி மடலில் சில சமயம் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கும். குச்சியால் நசுக்கினால் ரத்தமாகச் சிவக்கும். அதுதான் சாயப்பூச்சி. மெக்சிகோவிலிருந்து ஸ்பெயின்காரர்கள் இதை வைத்துக் கொழித்ததைப் பார்த்துக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆசை வந்தது. சென்னையில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். 1795-இல் கேப்டன் நீல்சன் ரியோ டி ஜெனிரோவிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சியைக் கொண்டுவந்து சேர்த்தார். வந்தது மட்ட ரகம், சாயம் தேறவில்லை. ஆனால் தின்றது பாருங்கள்! ஒரு கள்ளி இனத்தையே வெறுமையாக்கியது. அதைக் கண்டவர்கள் 1836–38 வாக்கில் அதே பூச்சியைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து வேலிகளை மீறிப் பரவிய கள்ளி மேல் விட்டார்கள். களையைக் கொல்ல வேண்டுமென்றே பூச்சியை இடம் மாற்றிய மிகப் பழைய முயற்சிகளில் இதுவும் ஒன்று. பூச்சிக்கும் நாக்கு உண்டு. இன்னொரு சப்பாத்தி இனத்தை அது தொடவில்லை. அது பாட்டுக்குப் பரவியது. அதற்கென வேறொரு சாயப்பூச்சி 1926-இல் இலங்கை வழியாக வந்த பிறகுதான் அடங்கியது.

தருமபுரி மரவள்ளி விவசாயிகளுக்கு இது புதுக்கதை அல்ல. 2020-இல் இந்தியாவில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, இந்தச் சாயப்பூச்சிக்குத் தூரத்து உறவு. அதை அடக்க ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து வரவழைத்த குட்டிக் குளவியை 2022-இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். கள்ளிக் கதையில் சாயப்பூச்சி நண்பன், மரவள்ளிக் கதையில் மாவுப்பூச்சி எதிரி. மாவுப்பூச்சி வகைகள் பெரெஸ்கியாவையும் விடுவதில்லை. இலைக்கடியில் பஞ்சு தெரிந்தால் லிட்டருக்கு 20 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலோடு கலந்து அடிக்கலாம். சில நாள் விட்டு, நன்றாகக் கழுவிப் பறிக்க வேண்டும்.

இந்த வாரப் பக்கத்தில் பாதியைப் பூச்சியே தின்றுவிட்டது. முள்ளை எப்படி விலக்கி இலை பறிப்பது, பருப்போடு கடைவதா பொரிப்பதா, பழத்தை என்ன செய்வது எல்லாம் அடுத்த வாரம். அதற்குள் யாரிடமாவது தண்டு கிடைத்தால் வெட்டி நிழலில் போட்டு வையுங்கள். அடுத்த இதழ் கைக்கு வரும்போது வெட்டுவாய் காய்ந்திருக்கும்.