இரண்டு அடையாளம் கேட்கும் காவலர்கள்

வைரஸ் நோயில் உயிரைப் பறிப்பது வைரஸா, அல்லது அதை எதிர்த்து உடல் நடத்தும் போரா? விந்தையான கேள்விதான். ஆனால் இதற்கு விடை கூறச் சுண்டெலிகள் இருக்கின்றன!

எல்.சி.எம். என்ற வைரஸை வளர்ந்த சுண்டெலியின் மூளையில் செலுத்தினால், மூளையுறை அழற்சி கண்டு ஏறத்தாழ ஒரு வாரத்தில் அது இறந்துவிடும். முன்கூட்டியே எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சி எலியின் எதிர்ப்பாற்றலை ஒடுக்கிவிட்டால்? இன்னும் விரைவில் இறக்கும் என்றுதானே எண்ணுவீர்கள்? அதுதான் இல்லை. பல எலிகள் பிழைத்துக் கொண்டன! இதை 1956-இல் கண்டனர். இந்த வைரஸ் தான் புகுந்த செல்களை அவ்வளவாக அழிப்பதில்லை. அச்செல்களைத் தேடிக் கொல்பவை எலியின் சொந்த வெள்ளணுக்களில் ஒரு வகையான ‘டி’ செல்களே. காக்க வந்த படையே வீட்டை இடித்துவிடுகிறது.

‘டி’ செல் தன் இலக்கை எப்படி அறிகிறது? கால்நடை மருத்துவரான பீட்டர் டோஹர்ட்டியும், சுவிட்சர்லாந்து மருத்துவரான ரால்ஃப் ஜிங்கர்நாகலும் 1973-இல் ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் இதை ஆராய்ந்தனர்.

பௌதிக ஆசிரியனான என்னைக் கவர்ந்தது அவர்கள் அளந்த முறை. வைரஸ் தொற்றிய செல்களுக்குள் கதிரியக்கக் குரோமியம்-51 ஏற்றப்படும். இதன் அரை ஆயுட்காலம் சுமார் 28 நாள். ‘டி’ செல் தாக்கிச் செல் உடைந்தால், பானை உடைந்து நீர் சிந்துவதுபோலக் குரோமியம் வெளியேறும். சுற்றியுள்ள திரவத்திலிருந்து வரும் காமாக் கதிர்களை எண்ணினால், எத்தனை செல்கள் மடிந்தன என்று கணக்கிடலாம்.

முடிவு வியப்பளித்தது. ஓர் இன எலியின் ‘டி’ செல்கள், அதே இன எலியின் நோயுற்ற செல்களை மட்டுமே கொன்றன. அதே வைரஸ் தொற்றிய வேறு இனச் செல்களைத் தொடவில்லை! வைரஸ் இருப்பது மட்டும் போதாது. செல்லின் மேற்பரப்பில் ‘நம்மவர்’ என்று காட்டும் புரதமும் இருக்க வேண்டும். இரண்டு அடையாளமும் பொருந்தினால்தான் தாக்குதல் தொடங்கும். மாற்று உறுப்புகளை உடல் ஒதுக்கித் தள்ளக் காரணமாக அறியப்பட்டிருந்த புரதங்களே இவை. இயற்கை அவற்றை எதற்காக வைத்திருக்கிறது என்ற புதிரும் இதனால் அவிழ்ந்தது. 1996-இல் இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

எலி மனிதன் அல்ல. எலியில் கண்ட எல்லாமே நமக்குப் பொருந்துவதில்லை. ஆனால் இந்த இரட்டை அடையாள முறை நம் உடலிலும் உண்டு.

மாணவர்களே, ஒரு கேள்வி. இச்சோதனையில், வைரஸ் தொற்றாத செல்களிலும் குரோமியம் ஏற்றி அளந்து பார்ப்பது அவசியம். ஏன்? சிந்தித்துப் பாருங்கள்!