ஆபீஸ் லேப்டாப்பில் அக்கா கல்யாண பயோடேட்டா... கம்பெனி பார்க்குமா?

திண்டிவனத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மாடி அறையில், மடக்கு மேஜை மேல் கறுப்பு லேப்டாப் ஒன்று. சென்னை ஐ.டி. கம்பெனி கொடுத்தது. பகலெல்லாம் அதில் ஆபீஸ் வேலை. இரவு எட்டு மணிக்கு மேல் அது குடும்பச் சொத்து. தம்பி டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பம் போடுவான். அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட் அதில்தான் வந்து இறங்கும். அம்மா சொல்லச் சொல்ல, அக்காவின் கல்யாண பயோடேட்டா அதில் டைப் ஆகும். பிரின்ட் எடுக்கக் கடைக்கு அனுப்ப வேண்டும். திறந்திருந்தது ஆபீஸ் மெயில். அதிலிருந்தே அனுப்பியாச்சு.

இந்த மெயிலை கம்பெனியால் பார்க்க முடியுமா? முடியும். பார்த்தால் சட்டப்படி தப்பா? இந்தியாவில் இன்றைய நிலையில், பெரும்பாலும் இல்லை.

சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்ப்பவர்களுக்கு இது பழைய கதை. ஆனால், விழுப்புரம் மாவட்டத்துக்கு லேப்டாப் வேலை வீடு தேடி வந்தது 2020 கொரோனாவுக்குப் பிறகுதான். சென்னையிலிருந்து திண்டிவனம் சுமார் 125 கிலோமீட்டர், விழுப்புரம் சுமார் 160. வாரத்தில் சில நாள்கள் மட்டும் ஆபீஸ் போனால் போதும் என்று ஆனதும், தாம்பரம் பக்கம் வாடகை கொடுப்பதைவிட சொந்த ஊரே மேல் என்று திரும்பி வந்தவர்கள் உண்டு. 2024 பிப்ரவரியில் வானூர் தாலுகா திருச்சிற்றம்பலத்தில் மினி டைடல் பார்க்கும் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டின் முதல் மினி டைடல் பார்க் அதுதான்.

பெருநகரத்தில் ஒருவருக்கு ஆபீஸ் லேப்டாப் ஒன்று, சொந்த லேப்டாப் ஒன்று என்று இருக்கலாம். இங்கே பல வீடுகளில் மொத்தக் குடும்பத்துக்கும் இருக்கும் ஒரே கம்ப்யூட்டர், கம்பெனி கொடுத்ததுதான். ஆகவே, கண்காணிப்பு ஊழியரோடு நிற்பதில்லை. கையெழுத்து போட்டது மகன், கண்காணிப்பில் இருப்பது அம்மாவும் அக்காவும்.

யார் பார்க்கிறார்கள், எப்படி?

மேனேஜர் ஒருவர் உட்கார்ந்து எல்லோருடைய மெயிலையும் படித்துக்கொண்டிருப்பார் என்று நினைக்க வேண்டாம். அதற்கு யாருக்கும் நேரம் கிடையாது. முதலில் பார்ப்பது சாஃப்ட்வேர். வெளியே போகும் மெயிலில் ஆதார் எண், பான் எண், கார்டு எண், வாடிக்கையாளர் பட்டியல் மாதிரி ஏதாவது தட்டுப்பட்டால் மணியடிக்கும்படி அதை அமைத்து வைக்கலாம். வங்கிக் கடனுக்காக அப்பாவின் ஆதார் விவரத்தை ஆபீஸ் மெயிலில் அனுப்பினால், அது வழியிலேயே நிறுத்தப்பட்டு கம்பெனியின் பாதுகாப்புக் குழுவுக்குத் தகவல் போகலாம். அதன் பிறகுதான் ஒரு மனிதர் அதைத் திறந்து பார்ப்பார்.

'டெலிட் பண்ணிட்டேனே' என்பது பலருக்கு இருக்கும் நிம்மதி. அது பொய் நிம்மதி. மைக்ரோசாஃப்ட், கூகுள் இரண்டின் அலுவலக மெயில் சேவைகளிலும், ஊழியர் அழித்த மெயிலைக்கூட குறிப்பிட்ட காலம் பத்திரப்படுத்தி வைக்க, தேவைப்பட்டால் தேடி எடுக்க நிர்வாகிக்கு வசதி உண்டு. டீம்ஸ் சாட்டில் இரண்டு பேர் தனியாகப் பேசிக்கொண்டதும் இதில் சேர்த்திதான்.

பலருக்குத் தெரியாத விஷயம் இன்னொன்று. 'ஆபீஸ் மெயிலை விடுங்க, நான் என் சொந்த ஜிமெயிலைத்தானே திறக்கிறேன், மேலே பூட்டுப் படம்கூட இருக்கிறதே' என்பார்கள். கம்பெனி தன்னுடைய சான்றிதழ் ஒன்றை லேப்டாப்பில் முன்கூட்டியே நிறுவி வைத்திருந்தால், பூட்டுப் படம் இருந்தாலும் நடுவழியில் தகவலைத் திறந்து பார்த்து, மறுபடி மூடி அனுப்ப முடியும். எல்லா நிறுவனங்களும் இதைச் செய்வதில்லை. செய்கிற நிறுவனங்களில் சில, வங்கி இணையதளங்களுக்கு விலக்கு கொடுப்பதும் உண்டு. ஆனால், எதற்கு விலக்கு, எதற்கு இல்லை என்று முடிவு செய்வது கம்பெனி. வாட்ஸ்அப் வெப்பும் அப்படியே. செய்தி போகிற வழியில் பத்திரமாகப் போகும். திரையைப் படம் பிடிக்கும் சாஃப்ட்வேர் லேப்டாப்பில் இருந்தால் அந்தப் பத்திரத்துக்கு அர்த்தமில்லை.

கம்பெனிகள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. வெளிநாட்டு வங்கியின் கணக்கு விவரங்கள் திண்டிவனம் வீட்டு வைஃபை வழியாகப் போய்வருகின்றன. ஒரு போலி மெயிலை ஊழியர் ஒருவர் தெரியாமல் க்ளிக் செய்தால் மொத்த நெட்வொர்க்கும் முடங்கலாம். 2022 செப்டம்பரில், போட்டி நிறுவனங்களுக்கும் சேர்த்து வேலை பார்த்த 300 பேரைக் கண்டுபிடித்து நீக்கியதாக விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி சொன்னது நினைவிருக்கலாம்.

சட்டம் எந்தப் பக்கம்?

2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. புட்டசாமி வழக்கு. ஆனால், அடிப்படை உரிமைகள் முதன்மையாக அரசை நோக்கியவை. அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தனியார் கம்பெனியிடம் 'என் மெயிலைத் தொடாதே' என்று சொல்வது அவ்வளவு சுலபமில்லை.

அதற்குச் சரியாகப் 12 நாள்கள் கழித்து, ஐரோப்பாவில் இன்னொரு தீர்ப்பு வந்தது. ருமேனியாவில் ஒரு விற்பனைப் பொறியாளர். வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்ல, கம்பெனி கேட்டுக்கொண்டதால் யாஹூ மெசஞ்சர் கணக்கு தொடங்கினார். 2007-ல் கம்பெனி அவரைக் கூப்பிட்டு, 'இதில் சொந்த விஷயம் பேசினாயா?' என்றது. இல்லை என்று எழுதிக் கொடுத்தார். உடனே 45 பக்கத்தை எடுத்து நீட்டினார்கள். தம்பியோடும், கல்யாணம் நிச்சயமான பெண்ணோடும் அவர் பேசியது வரி வரியாக அதில் இருந்தது. உடல்நலம், அந்தரங்கம் எல்லாம் உட்பட. வேலை போனது.

பத்து வருடம் வழக்கு நடத்தினார். 2016-ல் தோற்றார். 2017 செப்டம்பர் 5 அன்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் பெரிய அமர்வு, 11-க்கு 6 என்ற கணக்கில் அவர் பக்கம் நின்றது. பார்புலெஸ்கு வழக்கு என்பார்கள். கண்காணிக்கவே கூடாது என்று அந்த நீதிமன்றம் சொல்லவில்லை. 'முன்கூட்டியே சொன்னீர்களா? எவ்வளவு தூரம் படித்தீர்கள்? என்ன காரணம்? படிக்காமலே விஷயத்தைத் தீர்த்திருக்க முடியாதா?' என்று கேட்டது. நஷ்டஈடு எதுவும் தரவில்லை. தீர்ப்பே போதுமான நிவாரணம் என்றது.

இந்தியாவில் இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டிய சட்டம், 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முக்கியமான பிரிவுகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம், அதாவது 2027 மே. அப்போதும் ஊழியர்களுக்கு ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. உங்கள் தகவலை எடுக்க சம்மதம் வாங்க வேண்டும், அதற்கு முன் விவரம் சொல்ல வேண்டும் என்கிற அதே சட்டம், 7-வது பிரிவில் முதலாளிகளுக்கு விலக்கு கொடுக்கிறது. வேலை தொடர்பான நோக்கம், அல்லது தொழில் ரகசியம் கசிவது, உளவு வேலை மாதிரியான இழப்புகளைத் தடுப்பது என்று காரணம் இருந்தால் சம்மதம் தேவையில்லை. சம்மதம் தேவையில்லை என்றால், அதோடு ஒட்டிவரும் முன்னறிவிப்பும் கட்டாயமில்லை. ருமேனியப் பொறியாளரை ஜெயிக்க வைத்த முதல் கேள்வியே இங்கே பலமிழந்துபோகிறது.

முழுக்கவே கைவிட்டுவிட்டது என்றும் சொல்ல முடியாது. எடுத்த தகவலைப் பத்திரமாக வைத்திருக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு.

கண்காணிப்பு லேப்டாப்காரர்களுக்கு மட்டும் வந்ததல்ல. இதே மாவட்டத்தின் ஏரிக்கரைகளில் நூறு நாள் வேலைக்குப் போனவர்களை, 2023 ஜனவரி 1 முதல் தினமும் இரண்டு முறை போட்டோ எடுத்து ஆப்பில் ஏற்ற வேண்டும் என்று மத்திய அரசு கட்டாயமாக்கியது. அவர்களிடமும் யாரும் சம்மதம் கேட்டு நிற்கவில்லை.

வேலை போகும் நாளில்...

கம்பெனி மெயிலில் தங்கிய சொந்த விஷயம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு என்ரான் ஓர் உதாரணம். 2001-ல் திவாலான அமெரிக்க நிறுவனம். விசாரணைக்காக எடுக்கப்பட்ட மெயில்களை 2003-ல் அந்நாட்டு எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் பொதுவெளியில் வைத்தது. சுமார் 150 பேரின், ஏறக்குறைய ஐந்து லட்சம் மெயில்கள் கொண்ட தொகுப்பு இன்றும் இணையத்தில் கிடைக்கிறது. கம்ப்யூட்டர் படிக்கும் மாணவர்கள் அதை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துகிறார்கள். மோசடிக்குச் சம்பந்தமே இல்லாதவர்களின் குடும்ப விஷயங்களும் அதில் கிடக்கின்றன.

நம் ஊர் ஆபத்து இதைவிடச் சாதாரணமானது, அதனாலேயே அதிகம் நடக்கக்கூடியது. சம்பளக் கணக்கு, மியூச்சுவல் ஃபண்ட், அப்பா அம்மாவைச் சேர்த்த மருத்துவக் காப்பீடு, பி.எஃப். எல்லாவற்றுக்கும் ஆபீஸ் மெயில் முகவரியையே கொடுத்து வைத்திருப்பார்கள். வேலையை விட்டு அனுப்பும் நாளில், ஹெச்.ஆரோடு பேச்சு முடிவதற்குள் மெயில் பூட்டப்பட்டிருக்கும். அதன்பிறகு பாஸ்வேர்டு மாற்றும் லிங்க் எல்லாம், திறக்க முடியாத அந்தப் பெட்டிக்குத்தான் போகும். ஆகவே, வேலையில் இருக்கும்போதே இவற்றைச் சொந்த முகவரிக்கு மாற்றிவிடுவது முதல் வேலை. பே ஸ்லிப், படிவம் 16, நியமனக் கடிதம் ஆகியவை உங்களுடையவை. இப்போதே ஒரு பிரதி எடுத்து வையுங்கள். ஆனால், கடைசி வாரத்தில் வேலை சம்பந்தப்பட்ட கோப்புகளையும் மொத்தமாகச் சொந்த மெயிலுக்குத் தட்டிவிடாதீர்கள். சாஃப்ட்வேர் உஷாராவது அப்போதுதான். நியாயமான பாக்கியைக் கேட்கப் போனவர்மீது தகவல் திருட்டுப் புகார் பாயலாம்.

சொந்த போனில் ஆபீஸ் மெயிலைச் சேர்க்கும்போது, 'இந்தக் கருவியை நிர்வாகி அழிக்கலாம்' என்கிற மாதிரி ஓர் அனுமதி கேட்டால், அவசரத்தில் 'ஓகே' போட வேண்டாம். அழிப்பது ஆபீஸ் பகுதியை மட்டுமா, கல்யாண போட்டோ உட்பட முழு போனையுமா என்று ஐ.டி. பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம். கேட்பதை மெயிலில் கேட்டால் பதிலும் எழுத்தில் இருக்கும். தனியாகக் கேட்கத் தயக்கமென்றால், ஐ.டி. ஊழியர்களும் தொழிற்சங்கம் அமைக்கலாம் என்று 2016-லேயே தமிழக அரசு தெளிவுபடுத்தியிருக்கிறது.

அக்கா பயோடேட்டாவுக்கு வருவோம். 2011-ல் தொடங்கிய திட்டத்தில் அரசு கொடுத்த இலவச லேப்டாப், விழுப்புரம் பக்கம் எத்தனையோ வீட்டு அலமாரிகளில் சார்ஜ் நிற்காமல் தூங்குகிறது. ஒரு பேட்டரி மாற்றினால், ராசி நட்சத்திரம் டைப் செய்ய அது தாராளமாகப் போதும்.