வாய்முகத் தசை, உணவூட்டல், பேச்சுப் பயிற்சி: முழுமை நோக்கு மருத்துவமும் தமிழ் ஒலிப்பிறப்பும்

ஆய்வுச் சுருக்கம்

மூச்சு, உணவு, பேச்சு ஆகிய மூன்றும் மனித உடலில் ஒரே உறுப்புத் தொகுதியைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆதலின், இவற்றுள் ஒன்றில் தோன்றும் குறையை மற்ற இரண்டோடும் சேர்த்து ஆராயும் மருத்துவ அணுகுமுறை அண்மைக் காலத்தில் வலுப்பெற்று வருகிறது. இவ்வணுகுமுறையின் அடிப்படை, மதிப்பீட்டு முறை, பயிற்சியின் படிநிலைகள், சான்றுகளின் வலிமை ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. ஆங்கில ஒலியமைப்பை அளவுகோலாகக் கொண்ட மதிப்பீட்டைத் தமிழ்க் குழந்தைகளுக்கு அப்படியே பொருத்தினால் நேரும் பிழையையும், அதனைத் தவிர்க்கத் தமிழ் ஒலிப்பியல் அறிவு தேவைப்படுவதையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: வாய்முகத் தசைப் பயிற்சி, உணவூட்டல், விழுங்குதல், பேச்சொலிக் குறைபாடு, பிறப்பியல், தமிழ் ஒலிப்பியல்.

முன்னுரை

எழுத்துகளின் பிறப்பைக் கூறும் தொல்காப்பியப் பிறப்பியல், உந்தியிலிருந்து எழும் காற்றையே ஒலியின் முதற்காரணமாகக் கொள்கிறது. தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகிய எட்டும் அக்காற்றை எழுத்தாக்கும் நிலைக்களன்களாக அங்குச் சுட்டப்படுகின்றன. இவற்றுள் மிடறும் மூக்கும் மூச்சுக்கு உரியவை. பல், இதழ், நா, அண்ணம் ஆகியன உணவுக்கும் உரியவை. பேச்சுக்கென்று மட்டும் அமைந்த உறுப்பு எதுவும் இவற்றுள் இல்லை. மூச்சு விடவும் உண்ணவும் அமைந்த உறுப்புகளே பேச்சுக்கும் பயன்படுகின்றன.

இலக்கண நூல் மருத்துவம் கூறுவதன்று. எனினும், ஒலியைக் காற்றிலிருந்தும் உறுப்பிலிருந்தும் தொடங்கிப் பார்க்கும் அதன் முறை, இன்றைய மருத்துவத்தின் முழுமை நோக்கைப் புரிந்துகொள்ளத் தமிழ் ஆய்வாளர்க்கு ஏற்ற வாயிலாக அமைகிறது.

வாய்முகத் தசைப் பயிற்சியின் அடிப்படை

ஓய்வு நிலையில் இதழ்கள் மூடியிருத்தல், நா அண்ணத்தின்மேல் படிந்திருத்தல், மூச்சு மூக்கின் வழி இயங்குதல், விழுங்கும்போது நா பற்களை முன்னோக்கித் தள்ளாதிருத்தல் ஆகிய நான்கும் இப்பயிற்சியின் இலக்குகள். அமெரிக்கப் பல்சீரமைப்பு மருத்துவர் ஆல்ஃபிரட் ராஜர்ஸ் 1918-இல் முகத்தசைப் பயிற்சியைப் பல்சீரமைப்போடு இணைத்து எழுதினார். இத்துறையின் தொடக்கமாக அது கருதப்படுகிறது.

விழுங்கும்போது நா பற்களில் மோதுவதே பல்வரிசை பிறழக் காரணம் என்று முன்னர் நம்பப்பட்டது. 1978-இல் வில்லியம் பிராஃபிட் இக்கருத்தை மறுஆய்வு செய்தார். நொடிப்பொழுது நிகழும் விழுங்கலின் அழுத்தத்தைவிட, நெடுநேரம் தொடரும் மெல்லிய அழுத்தமே பல்லின் இடத்தை முடிவு செய்கிறது என அவர் விளக்கினார். அதனால், நா எவ்வாறு விழுங்குகிறது என்பதோடு, விழுங்காத நேரத்தில் எங்கே தங்குகிறது என்பதும் முதன்மை பெற்றது.

நாவின் ஓய்விடம் மூச்சோடு தொடர்புடையது. மூக்கின் பின்புறத் திசுத்திரள் வீக்கத்தாலோ ஒவ்வாமையாலோ மூக்கடைப்பு நீடிக்கும் குழந்தை வாயால் மூச்சுவிடுகிறது. வாய் திறந்திருக்க, நா கீழ்த்தாடையில் இறங்கித் தங்குகிறது. இந்நிலையில் காற்றுவழியைச் சீராக்காமல் இதழ்களை மூடச் சொல்லிப் பயிற்றுவது பயனளிக்காது. காது-மூக்கு-தொண்டை மருத்துவரின் ஆய்வு பயிற்சிக்கு முற்பட வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

உணவூட்டல் பயிற்சி

பிறந்த குழந்தையின் உறிஞ்சலும் விழுங்கலும் அனிச்சைச் செயல்கள். உலகச் சுகாதார நிறுவனம் முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டும் புகட்டவும், அதன்பின் இணையுணவைத் தொடங்கவும் பரிந்துரைக்கிறது. அக்காலத்தை ஒட்டியே உணவை வெளித்தள்ளும் நாவின் அனிச்சை தணிகிறது. பின்னர்ப் பருப்புச்சோறு, குழைந்த இட்லி, பழத்துண்டு என உணவின் பதம் மாற மாற, நா பக்கவாட்டில் அசையவும் தாடை அரைக்கவும் கற்கின்றன. நீண்டகாலம் கூழான உணவே ஊட்டப்படும் குழந்தைக்கு மெல்லும் வாய்ப்புக் குறைகிறது. மெல்ல இயலாத குழந்தைக்கோ கூழைத் தவிர வேறு ஊட்ட இயலாமற்போகிறது. இவ்விரண்டில் எது காரணம், எது விளைவு எனப் பிரித்தறிவது வல்லுநரின் முதற்பணி.

உணவூட்டல் பயிற்சி வாயோடு நின்றுவிடுவதில்லை. குழந்தை அமரும் நிலை, உணவின் பதம், கரண்டியின் அளவு, உணவைத் தொடவும் முகரவும் உள்ள விருப்பம், உணவு வேளையில் பெற்றோர் நடந்துகொள்ளும் முறை ஆகிய யாவும் கவனிக்கப்படுகின்றன. கையால் உண்ணும் வழக்கம் இங்கு ஒரு துணை. உணவின் சூட்டையும் பிசுபிசுப்பையும் விரல் முன்னதாக அறிந்துவிடுவதால், வாய் அதனை ஏற்பது எளிதாகிறது. வாயை வலிந்து திறந்து ஊட்டும் வழக்கமோ உணவின்மீது அச்சத்தை வளர்க்கும். பாலாடையால் புகட்டும்போதும் குழந்தை தானே பருகும் வேகத்துக்கு ஏற்பவே பாலைச் சாய்க்க வேண்டும். விரைந்து ஊற்றினால் பால் மூச்சுக்குழலுள் செல்லும் இடர் உண்டு.

உண்ணும்போது அடிக்கடி இருமல், புரையேறல், குரல் ஈரமாதல், மீண்டும் மீண்டும் நுரையீரல் தொற்று, எடை கூடாமை ஆகியன இருந்தால் வீட்டுப் பயிற்சியை நம்பிக் காலம் தாழ்த்துதல் ஆகாது. பேரியம் கலந்த உணவை விழுங்கச் செய்து எடுக்கும் ஊடுகதிர்க் காணொளி, மூக்கின் வழியே செலுத்தும் உள்நோக்கி ஆகிய கருவிகளால் விழுங்கலை ஆராய வேண்டியிருக்கும். ஓசையின்றி உணவு மூச்சுக்குழலுள் இறங்கும் நிலையை வெளித்தோற்றத்தால் மட்டும் அறிய இயலாது.

மதிப்பீடும் படிநிலைகளும்

முதற் சந்திப்பில் பிறப்பு, பாலூட்டல், உறக்கம், குறட்டை, விரல்சூப்பல், நோய்கள் பற்றிய செய்திகள் திரட்டப்படுகின்றன. முகத்தின் சமச்சீர், அண்ணத்தின் வளைவு, நாவடிச் சவ்வின் நீளம், பல்வரிசை ஆகியன ஆராயப்படுகின்றன. குழந்தை வழக்கமாக உண்ணும் உணவை உண்ணச் செய்து நோக்குவதும், இயல்பான உரையாடலைப் பதிவு செய்வதும் இதில் அடங்கும்.

பயிற்சி பொதுவாகப் பின்வரும் வரிசையில் அமைகிறது. முதலில் மூக்கு மூச்சும், விரல்சூப்பல் போன்ற பழக்கங்களின் நீக்கமும்; அடுத்து இதழ், நா ஆகியவற்றின் ஓய்வு நிலை; பின்னர் மெல்லுதலும் விழுங்குதலும்; இறுதியாக இவற்றை அன்றாட வழக்கமாக்கல். பேச்சொலிக் குறை உள்ளவர்க்கு ஒலிப்பயிற்சி தனியே, தொடக்கத்திலிருந்தே நடைபெறலாம். இப்பயிற்சி சில வாரங்களில் முடிவதன்று; பல மாதங்கள் நீளும். வல்லுநரோடு கழியும் நேரத்தைவிட வீட்டில் நாள்தோறும் செய்யும் சிறுசிறு பயிற்சிகளே பயனை முடிவு செய்கின்றன.

சான்றுகளின் வலிமை

இம்மருத்துவத்தின் பயன் எல்லாக் குறைகளுக்கும் ஒரே அளவில் நிறுவப்படவில்லை. உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோயில் வாய்த்தொண்டைப் பயிற்சி உதவுவதை 2009-இல் வெளிவந்த பிரேசில் ஆய்வு காட்டியது. 2015-இல் கமாச்சோ குழுவினர் வெளியிட்ட தொகுப்பாய்வு, மூச்சுத்தடைகளின் எண்ணிக்கை பெரியவர்களிடம் ஏறத்தாழ 50 விழுக்காடும், குழந்தைகளிடம் ஏறத்தாழ 62 விழுக்காடும் குறைந்ததாகக் கணித்தது. எனினும் அதில் இடம்பெற்ற குழந்தைகள் மிகச் சிலரே.

பேச்சொலிக் குறையில் நிலைமை வேறு. ஊதுதல், நாவை நீட்டி மடக்குதல் போன்ற, பேச்சல்லாத வாய்ப்பயிற்சிகள் குழந்தைகளின் ஒலிப்பைத் திருத்துமா என ஆராய்ந்த 2015-ஆம் ஆண்டின் காக்ரேன் திறனாய்வு, தகுதியுடைய 3 ஆய்வுகளையே கண்டது. அவை இப்பயிற்சிகளின் பயனை நிறுவப் போதியவையாக இல்லை. இதன் காரணம் விளங்கக்கூடியதே. பேச்சுக்கு வேண்டுவது தசையின் பேராற்றல் அன்று. விரைவும் துல்லியமும் கூடிய இசைவு. அவ்விசைவு ஒலியைப் பழகுவதாலேயே வரும். ‘ற’கரத்தைக் கற்க ‘ற’கரத்தையே ஒலித்துப் பழக வேண்டும்.

ஆகவே, ‘முழுமை நோக்கு’ என்பது ஒரே பயிற்சி அனைத்தையும் தீர்க்கும் என்ற பொருள் தருவதன்று. குறைகளின் தொடர்பை முழுமையாக நோக்கி, ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய பயிற்சியை அளிப்பதே அதன் சரியான பொருள். நாவடிச் சவ்வை அறுப்பதால் எல்லாப் பேச்சுக் குறையும் நீங்கும் என்பது போன்ற உறுதிமொழிகளை ஐயத்தோடு அணுக வேண்டும்.

தமிழ் ஒலிப்பியலின் தேவை

ஆங்கிலத்தின் ‘ட்’, ‘ன்’, ‘ல்’ போன்ற ஒலிகள் மேற்பல்லின் பின்னுள்ள ஈற்று மேட்டில் பிறப்பவை. அவ்வொலிகளுக்கு நா பல்லைத் தொடுமாயின், அதனை நாவை முன்தள்ளும் பழக்கத்தின் அடையாளமாக ஆங்கிலவழி மதிப்பீடு கருதக்கூடும். தமிழிலோ தகரமும், ‘ந்த’ என்னும் இணையின் நகரமும் பல்லின் அடியில் நா ஒற்றப் பிறப்பவை. பிறப்பியலும் அவ்வாறே கூறுகிறது. ‘பந்து’ என்னும் சொல்லில் நா பல்லைத் தொடுவது குறையன்று, இலக்கணம். இவ்வேறுபாட்டை அறியாத மதிப்பீடு நலமுள்ள குழந்தையை நோயாளியாக்கும்.

வட்டார வழக்கும் இவ்வாறே கருதத்தக்கது. ழகரம் தென்மாவட்டங்களில் ளகரமாகவும் சென்னை வழக்கில் யகரமாகவும் ஒலிப்பதுண்டு. வீட்டார் அனைவரும் ‘பளம்’ என்னும்போது குழந்தையும் அவ்வாறு கூறுவது பேச்சுக்குறை ஆகாது. குடும்பத்தின் வழக்கைப் பதிவு செய்த பின்னரே குழந்தையின் ஒலிப்பை மதிப்பிடுதல் முறை.

தமிழின் ஒலிவளம் பயிற்சிக்கும் துணை செய்கிறது. நாவின் ஓய்விடத்தைக் குழந்தைக்கு உணர்த்த, ‘கல்’ என ஒலித்து, லகரத்தில் நாநுனி நின்ற இடத்தைக் காட்டலாம். பிறப்பியல் லகரத்தை ஒற்றலாகவும் ளகரத்தை வருடலாகவும் பிரிக்கும் முறை, தொடுதலின் இடத்தோடு தன்மையையும் கற்பிக்க வேண்டும் என்பதை நினைவூட்டுகிறது. தமிழ் ஒலிகளை இடம், தன்மை, சொல்லில் நிற்கும் நிலை ஆகியவற்றால் வகைப்படுத்திய சொற்பட்டியல்களை மொழியியலாளர் உருவாக்கினால் அவை மருத்துவக் கருவிகளாகவே பயன்படும்.

முடிவுரை

1965-இல் மைசூரில் அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்பியல் நிறுவனம் தோன்றியது முதல் இந்தியாவில் இத்துறை கல்வியாக வளர்ந்து வருகிறது. சிகிச்சையை நாடும் குடும்பம் மூன்றினை எதிர்பார்க்கலாம்: காற்றுவழி, உணவு, பேச்சு மூன்றையும் தழுவிய மதிப்பீடு, அளவிடத்தக்க இலக்குகளுடன் கூடிய பயிற்சித் திட்டம், பயன் எங்கு உறுதி, எங்கு ஐயம் என்பதை மறைக்காத விளக்கம். இவற்றோடு, குழந்தையின் தாய்மொழியை அறிந்த செவியும் தேவை. அச்செவியை மருத்துவத் துறை தனித்து உருவாக்கிக்கொள்ள இயலாது. தமிழ் ஒலிப்பியலைக் கற்பிக்கும் துறைகள் பேச்சு வல்லுநர்களோடு இணையும்போது, குறையில்லாத குழந்தை குறையுடையதென முத்திரை பெறுவதும், குறையுள்ள குழந்தை கவனிக்கப்படாமல் விடப்படுவதும் குறையும்.